கல்லில் மிஞ்சிய வாயு

அக்டோபர் 9, திங்கள்

இன்றும் குமிழி நிற்கவில்லை. பதினெட்டு டப்பாக்களில் ஒன்றுகூட அடங்குகிற வழியாகத் தெரியவில்லை. டைரக்டர் ஜெயசீலன் காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னுமா சுகந்தி?" என்றார். ஏதோ நான்தான் கல்லுக்குள் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்கிற மாதிரி.

டப்பா என்பது வைரக்கண்ணு வைத்த பெயர். எங்கள் ஆய்வகத்தின் உதவியாளர், ஒப்பந்த ஊழியர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவர் சொல்லிச் சொல்லி எனக்கும் அதுவே வந்துவிட்டது. ஆழ்துளையிலிருந்து எடுத்த ஷேல் என்னும் களிப்பாறையை, மேலே வந்த கையோடு இந்த எஃகு டப்பாக்களில் போட்டு இறுக மூடுவோம். டப்பாக்களைச் சுடுநீர்த் தொட்டியில் உட்காரவைப்போம், பூமிக்குள் இருந்த அதே சூட்டில். கல்லிலிருந்து வருகிற மீத்தேன், குழாய் வழியாகப் போய், தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த கண்ணாடிக் குழாயில் குமிழியாக ஏறும். எவ்வளவு ஏறியது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குத்தான் டாக்டர் பட்டம் வாங்கினேன்.

சாப்பிடும்போது கதிரவன் கேட்டார். என் கணவர், வங்கியில் வேலை, எதையும் நேராகக் கேட்டுத்தான் பழக்கம். "கல்லுக்குள்ள கேஸ் இருந்தா, ஒடச்சா வந்துடப் போகுது. எதுக்கு இத்தனை வாரம்?"

பலூனில் அடைத்த காற்று இல்லை அது என்றேன். கொஞ்சம் வாயு வெடிப்புகளிலும் துளைகளிலும் சும்மா நிற்கும். அது முதலிலேயே ஓடி வந்துவிடும். மீதி, கல்லுக்குள் மக்கிக் கறுத்துக் கிடக்கும் பழைய உயிர் எச்சங்களின் துளைச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் பரப்புக் கவர்தல் என்று படித்தோமே, அது. உள்ளே ஊறிப்போவது இல்லை, மேலே ஒட்டிக்கொள்வது. அழுத்தம் குறைந்தால் சுவரை விடும், சூடு இருந்தால் விடும். ஆறிப்போனால் விடாது, வந்ததுகூடத் திரும்பிப் போய் ஒட்டிக்கொள்ளும். விட்ட பிறகும் லேசில் வெளியே வர முடியாது. துளைகள் அவ்வளவு சின்னவை. வாயு தனக்குள் மோதிக்கொள்வதைவிடச் சுவரில் மோதுவதுதான் அதிகம். தேர் பார்க்க வந்த கூட்டம் ஓர் ஆள் போகிற சந்துக்குள் மாட்டிக்கொண்ட கதைதான், உரசி உரசித்தான் வெளியே வர வேண்டும்.

"அப்ப பொறுமையா இரு" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்கென்ன. பூஜை விடுமுறைக்கு முன்னால் அறிக்கை போயாக வேண்டும் என்று துளை போட்ட கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருப்பது ஜெயசீலன். அடுத்த திட்டத்துக்கு யார் தலைமை என்பதையும் அவர்தான் முடிவு செய்வார்.

அக்டோபர் 12, வியாழன்

மின்சாரம் போய்ப்போய் வந்தது. வேலைக்கார அம்மாவும் வரவில்லை, மாவு புளித்துப் பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்திருந்தது. துடைத்துவிட்டுப் போவதற்குள் பத்தரை ஆகிவிட்டது.

ஆய்வகத்தில் வைரக்கண்ணு டப்பாக்களிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஏண்டா, இன்னக்கி என்ன உம்முன்னு இருக்க? மேடத்துக்கு ரிப்போர்ட் குடுக்கணும்ல?" நான் நிற்பதைப் பார்த்ததும் துணியால் ஒரு டப்பாவைத் துடைக்கிற மாதிரி பாவனை. சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

குமிழி குறைந்திருக்கிறது. நல்லது.

அக்டோபர் 14, சனி

எல்லா டப்பாவிலும் பூஜ்யம். பதினெட்டிலும்.

தொட்டியின் சிவப்பு விளக்கு எரியவில்லை. பல்பு போயிருக்கும்.

அக்டோபர் 16, திங்கள்

இன்றும் பூஜ்யம். ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டேன். குமிழி இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் என்ன செய்ய முடியும். வரைபடத்தில் வளைகோடு படுத்துவிட்டது. படுத்த கோட்டைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு நிம்மதி.

முறைப்படி பார்த்தால், கடைசியில் ஒரு கல்லை மூடிய பாத்திரத்தில் போட்டு மாவாக அரைத்து, உள்ளே எதுவும் மிச்சமில்லையா என்று பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் பிடிக்கும். அறிக்கையில் அந்த இடத்தில் 'புறக்கணிக்கத்தக்க அளவு' என்று போட்டேன். பலரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

வைரக்கண்ணு வந்து நின்றார். "மேடம், எல்லாம் வந்து முடிஞ்சிடுச்சா? டப்பாவத் தொறந்துடலாமா?"

"முடிஞ்சிடுச்சு. கல்லையெல்லாம் எடுத்துத் துடைச்சு பீரோவுல அடுக்கிடுங்க. ஈரம் படக் கூடாது."

பீரோ என்றால் ரசாயனம் வைத்திருந்த பழைய இரும்பு பீரோ. கதவு ஓரத்தில் ரப்பர் வைத்தது, எறும்புகூட நுழையாது. மேற்குச் சுவரோரம் நிற்கிறது. மாலை வெயிலில் அந்தச் சுவரில் சாய்ந்தால் முதுகு சுடும்.

இரண்டு பேரும் சேர்ந்து டப்பாக்களைத் திறந்தோம். கருங்கறுப்புக் கற்கள், தொட்டால் வழுவழுவென்று. "இதுக்குள்ளேருந்தா மேடம் கேஸு வருது? துணி தோய்க்கக்கூட ஆவாது போலருக்கு" என்றார்.

அக்டோபர் 18, புதன்

அறிக்கை போய்விட்டது. ஜெயசீலன் எல்லார் முன்னாலும், "சொன்ன தேதிக்கு வேலையை முடிக்கிறவங்கன்னா சுகந்திதான்" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. வரும் வழியில் கதிரவனுக்குப் பிடித்த பால்கோவா வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. உண்மையான பூஜை திங்கட்கிழமைதான், ஆனால் அன்றைக்கு விடுமுறை என்பதால் கடைசி வேலை நாளிலேயே கும்பிட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். வைரக்கண்ணு இரண்டு நாளாக எல்லாக் கருவிகளையும் துடைத்துக்கொண்டிருக்கிறார். தராசுக்கு ஒரு பொட்டு, அரவை இயந்திரத்துக்கு ஒரு பொட்டு, தொட்டிக்கு ஒரு பொட்டு. பட்டியலில் என் கண்ணாடியும் இருக்கிறதா என்று கேட்டேன். "கழட்டிக் குடுங்க மேடம், வச்சிடுவோம்" என்றார்.

அக்டோபர் 20, வெள்ளி

வைரக்கண்ணுவுக்குத் தீக்காயம். முகம், இரண்டு கைகள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்கிறார்கள். எழுத முடியவில்லை.

அக்டோபர் 21, சனி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் சொல்ல வேண்டும்.

பூஜை வராந்தாவில் நடந்தது. வாழைக்கன்று, பொரி, சுண்டல், எல்லாம் ஒவ்வொரு வருடமும் போலத்தான். ஜெயசீலன் தேங்காய் உடைத்தார். பிறகு வைரக்கண்ணு சூடத்தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகக் காட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஆய்வகத்துக்குள் அவராகவே வந்தார். நான் மேசையருகில் நின்று பொரி தின்றுகொண்டிருந்தேன். தராசுக்குக் காட்டினார், தொட்டிக்குக் காட்டினார். வலது கையில் தட்டு. இடது கையால் பீரோவைத் திறந்தார்.

பெரிய சத்தம் இல்லை. பொத்தென்று ஓர் ஓசை. பீரோ வாயிலிருந்து நீலமாக ஒன்று புரண்டு வெளியே வந்து, நான் பார்ப்பதற்குள் இல்லாமல் போய்விட்டது. தட்டு விழுந்து, எரிகிற சூடம் அவர் கைமேலேயே கொட்டியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜெயசீலன்தான் வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினார். வைரக்கண்ணு கத்தக்கூட இல்லை. "மேடம், நீங்க தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். புருவம் இரண்டும் கருகிச் சுருண்டிருந்தது.

பொரி என் கையிலேயே இருந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியில்தான் பார்த்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

வீட்டில் பூஜை. சுண்டல் வேகவைத்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன். கதிரவன் ஸ்கூட்டருக்குச் சூடம் காட்டும்போது நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 25, புதன்

ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டு. முகத்தில் வெள்ளையாக மருந்து பூசியிருந்தார்கள். அவர் மனைவி இந்திராணி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காருகிற பெஞ்சைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

வைரக்கண்ணு எழப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

"நாந்தான் மேடம் எல்லாத்தையும் கெடுத்துட்டேன். கல்லெல்லாம் வீணாப் போச்சா?"

"கல்லுக்கு ஒண்ணும் ஆகல."

"ஒங்களுக்கு ஏதும் பிரச்சன வருமா மேடம்? எம் புத்தி... தட்டோட உள்ள வந்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

இந்திராணி பொரிந்து தள்ளினாள். "நீங்களே கேளுங்கம்மா. கேஸு பொழங்குற எடத்துல எவனாச்சும் சூடத்தக் கொளுத்திக்கிட்டுப் போவானா? பதினாலு வருசம் வேல பாத்த மனுசனுக்கு இது தெரிய வேணாம்? அறிவுங்கறது மருந்துக்குக்கூட இல்ல. இப்ப நாந்தான் சோறு ஊட்டி, மத்ததெல்லாம் பாத்து..." சொல்லிக்கொண்டே விசிறுவதை நிறுத்தவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நான், "பரவாயில்லை, விடுங்க" என்றேன்.

நான் அவரை மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது.

அக்டோபர் 30, திங்கள்

ஜெயசீலன் கூப்பிட்டார். விசாரணைக் குழு வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். "ரொம்ப சிம்பிள் கேஸ்" என்றார். "ஆய்வகத்துக்குள்ள நெருப்பு கூடாதுன்னு செவுத்துல பெரிசா எழுதியிருக்கு. அந்த ஆளு தட்டோட உள்ள போயிருக்கான். ஒப்பந்தத்தை முடிச்சிடுவாங்க. விதியை மீறி விபத்து உண்டாக்கினான்னு எழுதிட்டா, இனி வேற எந்த லேப்லயும் சேர்க்க மாட்டாங்க. பாவம்தான், என்ன பண்றது."

பதினாலு வருடமாகத் தட்டு உள்ளே போகிறது. பதினாலு வருடமாக ஜெயசீலனும் கையை நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறார்.

"நீங்க ஒரு டெக்னிகல் நோட் மட்டும் குடுங்க, வாயு எங்கேருந்து வந்திருக்கும்னு. உறுதியாச் சொல்ல முடியாதுன்னு எழுதினாலும் போதும். அடுத்த திட்டத்துக்கு உங்க பேரை அனுப்பியாச்சு, தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

நவம்பர் 3, வெள்ளி

குறிப்பை எழுத உட்கார்ந்தேன். 'வாயுவின் மூலத்தை உறுதியாகக் கூற இயலாது.' நான்கு முறை அடித்து எழுதினேன்.

இருபத்தொன்றாம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். அவராகவே உள்ளே வந்தார் என்று எழுதியிருக்கிறேன். அப்படி இல்லை. வாசலில் நின்றார். "உள்ள வரலாமா மேடம்? கேஸு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். நான் வாயில் பொரியோடு, "வாங்க வாங்க, எல்லாம் முடிஞ்சாச்சு. பீரோவையும் திறந்து காட்டிடுங்க" என்றேன்.

அவர் வலியில் இதை மறந்துவிட்டாரா, இல்லை என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லாமல் இருக்கிறாரா? எது என்றாலும் எனக்குக் கேவலம்தான்.

நவம்பர் 8, புதன்

கதிரவன் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்தால் விடமாட்டார்.

"அந்த ஆளு வேலை போயிடுமா?"

"போயிடும்."

"உன் மேல தப்பு ஒண்ணும் இல்லையே?"

"தொட்டி சரியாச் சூடாகலை. அதனால கணக்குத் தப்பிடுச்சு" என்றேன்.

"சூடாகலைன்னு எப்பத் தெரிஞ்சுது?"

குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய்விட்டேன். அரிசி இன்னும் வேகவே இல்லை, அணைத்துவிட்டேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. ஒரு மத்தாப்புகூடக் கொளுத்தவில்லை.

நவம்பர் 13, திங்கள்

விடுமுறை. ஆய்வகத்தில் யாரும் இல்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

பீரோவிலிருந்து எடுத்த கற்கள் அன்றிலிருந்து வெட்டவெளியில், ஜன்னலோரத்தில் காற்றாடக் கிடக்கின்றன. ஒன்றை எடுத்தேன். எஃகுக் குண்டுகளோடு அரவைப் பாத்திரத்தில் போட்டு, மூடியை முறுக்கி, சுழலவிட்டேன். அக்டோபரில் நான் செய்யாமல் விட்ட வேலை. அந்த இரைச்சலில் நின்றுகொண்டே இருந்தேன், நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

ஒன்றும் வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அத்தனையும் எரிந்து போயிருக்க வேண்டும், கல் காலியாக இருக்க வேண்டும், என்னிடம் சொல்வதற்கு எதுவுமே இருக்கக் கூடாது.

குழாயைத் திறந்தேன். குமிழி வந்தது. கண்ணாடியில் தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டே போனது. டப்பாவில் இருந்து, பீரோவில் இருந்து, தீயையும் பார்த்து, இத்தனை நாள் வெளியில் கிடந்த பிறகும் இந்தக் கல்லுக்குள் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது. அப்படியென்றால் அக்டோபர் பதினாறாம் தேதி எவ்வளவு இருந்திருக்கும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பல்பு போகவில்லை. பதினாலாம் தேதியே தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடுகூட இல்லை. ஹீட்டர் வேலை செய்யவில்லை. சூடில்லாமல் குமிழி வராது என்று என் கணவருக்கே பாடம் எடுத்தவள் நான். கையை ஈரத்தோடு சேலையில் துடைத்துக்கொண்டு போய்ப் பூஜ்யம் என்று குறித்தேன்.

நவம்பர் 16, வியாழன்

விசாரணை முடிந்தது.

முதலில் வைரக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள். கட்டுப் போட்ட கைகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று சொன்னபோதும் உட்காரவில்லை. யார் உள்ளே வரச் சொன்னது என்று கேட்டார்கள். "யாரும் சொல்லலங்க, நானாத்தான்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு நினைவிருக்கிறது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து, நான்தான் வரச் சொன்னேன், பீரோவையும் திறக்கச் சொன்னேன் என்றேன். வாயு தீர்ந்துவிட்டது என்று அவரிடம் சொன்னதும் நான்தான் என்றேன். ஜெயசீலன் பேனாவைக் கீழே வைத்தார்.

அதிகாரி, வாயு எப்படி மிஞ்சியது என்று கேட்டார். ஆங்கிலத்தில் விளக்கினேன். அரைத்த கல்லின் அளவுகளைக் காட்டினேன். தொட்டியின் வெப்பநிலை தாழ்ந்தது, வாயு சுவர்களில் மீண்டும் ஒட்டிக்கொண்டது, அளவீடு பூஜ்யத்தைத் தொட்டது, மேற்கு வெயிலில் பீரோ சூடானபோது வாயு வெளிப்பட்டது. எல்லாம் சரியான வார்த்தைகள். அவற்றுக்குள் நான் எங்குமே இல்லை.

அவர் கவனமாகக் கேட்டார். "ஆக, கருவிக் கோளாறு. யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. அப்படித்தானே?"

ஜெயசீலன் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தேன். "அப்படியும் சொல்லலாம்" என்றேன்.

நவம்பர் 21, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. கருவிக் கோளாறால் நேர்ந்த விபத்து. வைரக்கண்ணு மேல் குற்றம் இல்லை, கை ஆறியதும் வேலைக்கு வரலாம். எனக்கு, இனிமேல் கவனமாக இருக்கவும் என்று ஒரு வரி. புதுத் தொட்டி வாங்க அனுமதி.

அடுத்த திட்டத்துக்கு இன்னும் என் பெயர்தான் இருக்கிறது. "நேர்மையா எழுந்து நின்னீங்க பாருங்க, எனக்கே பெருமையா இருந்துச்சு" என்று ஜெயசீலன் கையைக் குலுக்கினார். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நவம்பர் 25, சனி

வைரக்கண்ணு வீட்டுக்குப் போனேன். கீற்றுக் கொட்டகை போட்டு முன்பக்கம் நீட்டிய சின்ன ஓட்டு வீடு. மதியச் சாப்பாட்டு நேரம். இந்திராணி தட்டில் ரசம் சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் புதுத் தோல் திட்டுத் திட்டாக வந்திருக்கிறது. கட்டு இப்போது விரல்களில் மட்டும்.

"வாங்க மேடம், வாங்க. வேல திரும்பக் கெடச்சிடுச்சு. நீங்க பேசினீங்களாம்ல."

நான் கொண்டுபோன பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். இந்திராணி அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். பிறகு கேட்டார். "மெஷினு கோளாறுன்னு போட்ருக்காங்களாமே மேடம். எந்த மெஷினு? அந்தத் தொட்டிங்களா?"

"ஆமாம்."

"அதான்." தலையைக் குனிந்துகொண்டார். "பூஜைக்குன்னு நாந்தான் தொடச்சேன். ஈரத்துணியால அடி வரைக்கும் தொடச்சேன், பொட்டு வேற வச்சேன். தண்ணி உள்ள எறங்கிப் போயிருக்கும். அதுலதான் கெட்டுப் போயிருக்கும்னு இவகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"வேற என்ன?" என்றாள் இந்திராணி. "எதத் தொட்டாலும் வெளங்காது. தண்ணிய ஊத்திக் கழுவியிருப்பாரு. வாசலக் கழுவறாப்பல."

நான் நல்லது செய்துவிட்டதாக ஒரு மூலையில் நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அதிகாரி கொடுத்த அந்தக் கோளாறையும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனிதர். வீட்டில் தினமும் அதற்குத் திட்டு வாங்குகிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் இவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவருவாள் என்று அடக்கிக்கொண்டேன்.

"நீங்க தொடைக்கிறதுக்கு முன்னாடியே அது நின்னு போச்சு" என்றேன். "உங்களால இல்ல."

"பின்ன?"

"கரண்டு போய்வந்ததுல ஹீட்டர் நின்னுடுச்சு. தண்ணி ஆறிடுச்சு. தண்ணி ஆறினா கல்லு கேஸை விடாது, உள்ளயே பிடிச்சு வச்சுக்கும். கேஸ் தீரல. தீந்துடுச்சுன்னு நான் உங்ககிட்ட சொன்னேன்."

வைரக்கண்ணு, "நீங்க என்ன பண்ணுவீங்க மேடம், மெஷினு..." என்று ஆரம்பித்தார்.

இந்திராணி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. "தண்ணி ஆறிக் கெடந்தது ஒங்களுக்குத் தெரியாதாம்மா?"

விசாரணையில் யாருமே கேட்காத கேள்வி. அதிகாரி கேட்கவில்லை, ஜெயசீலன் கேட்கவில்லை. கதிரவன் கேட்டபோது நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். இங்கே எழுந்து போக இடமில்லை.

"தெரியும்" என்றேன். "கைய விட்டுப் பார்த்தேன்."

"தெரிஞ்சேதான் இவர அடுக்கச் சொன்னீங்களா?"

"ஆமாம். ரிப்போர்ட் குடுக்கணும்னு. நெருப்புப் பிடிக்கும்னு நினைக்கல. ஆனா தெரியும்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். அவள் தட்டிலிருந்த சோற்றை மறுபடி பிசைந்து, ஓர் உருண்டை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. இமை கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படி நேருக்கு நேராகப் பார்த்ததே இல்லை. அவள் கை அப்படியே நின்றது.

"நீங்க எந்திரிச்சுப் போங்கம்மா" என்றாள். "நீங்க இருக்கற வரைக்கும் இவரு சாப்புட மாட்டாரு."